குளிசை முடிய வாறன்

1

போன வெள்ளிக்கிழமை அத்தானின் ஆண்டுத்திவசம். அக்கா வீட்டுக் குசினியில் நின்று பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பிள்ளை உதவிக்கு வந்திருந்தாள். தேங்காய் துருவியபடி, அவருக்கு என்ன வருத்தம் என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வயித்தில புண்."

மனிதரை எரித்து, சாம்பலை ஆரே ஆற்றில் கரைத்து, ஒரு வருடமும் ஓடிவிட்டது. இன்னும் வயிற்றில் புண்தான். எனக்கு வந்த கோபத்தில் பூசணிக்காயைத் தேவையில்லாமல் பொடியாக வெட்டித் தள்ளினேன். பிறகு அது சாம்பாரில் கரைந்து காணாமல் போனது வேறு கதை.

அத்தானுக்கு வந்தது குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே ஈரலுக்கும் பரவியிருந்தது. சுவிஸில் நாங்கள் இருக்கிற லாங்கன்தாலில் அத்தனை தமிழருக்கும் அது தெரியும். பாசலில் இருக்கும் எங்கள் ஒன்றுவிட்ட தம்பிக்குத் தெரியும். தமிழ்க்கடையில் கறிவேப்பிலை கட்டுகிற பெடியனுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர் அத்தான் ஒருவர்தான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதில் பெரிய புதினம் ஒன்றும் இராது. நோயாளியிடம் நோயைச் சொல்லாமல் விடுவது நம்மவருக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அதை இந்த நாட்டில் செய்வதென்றால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப்போகிறேன். அக்கா இதை வாசிக்க மாட்டாள். வாசித்தாலும் பரவாயில்லை.

2

அத்தானின் பெயர் சிவராசா. இயந்திரப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை. அவருடைய ஜெர்மன் அந்தத் தொழிற்சாலையில் பொறுக்கியெடுத்த ஜெர்மன். மெதுவாக, எழுத்து மொழியில், முகத்தைப் பார்த்துச் சொன்னால் எல்லாம் விளங்கும். பேர்ண் பக்கத்துப் பேச்சு மொழியில் இரண்டு பேர் கடகடவென்று கதைத்தால் சிரித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே வீட்டுக்கு வெளியே அத்தானின் வாய் மகள் யாழினிதான். பன்னிரண்டு வயதில் இருந்து அவள்தான் வரிக் கடிதம் வாசித்தவள், வீட்டுக்காரனோடு கதைத்தவள், பெர்மிட் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனுசியிடம் அப்பாவுக்காகக் கெஞ்சியவள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைச் சந்திக்கப் போனாலும் அவளேதான் மொழிபெயர்ப்பு. "வகுப்பில் வாய் மூடுவதே இல்லை" என்று ஆசிரியை முறையிட, "நான் நல்லாக் கதைக்கிறனாம் அப்பா" என்று சொல்லிவிட்டாள். அத்தான் எழுந்து ஆசிரியையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வரும் வழியில் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நோய் கண்டுபிடித்த நாளில் அக்காவும் யாழினியும் டொக்டரைத் தனியாகப் பிடித்தார்கள். இளம் டொக்டர். மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தயாராகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அப்பாவிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம், எங்கள் ஆட்களுக்கு அது பழக்கமில்லை என்று யாழினி கேட்டாள். டொக்டர், நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் என்னிடம் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றாராம். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்து தருவதாகவும் சொன்னார். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். மொழிபெயர்க்க வருவதும் ஒரு தமிழ் ஆள்தானே, பின்னேரம் ஆவதற்குள் சுவிஸ் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது அவளுடைய பயம். பிறகு அவளே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, "இவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்று சொல்லிச் சொல்லி முழு நாட்டுக்கும் அறிவித்தாள்.

நான் ஒரு தடவை அவளோடு சண்டை பிடித்தேன். மனுசனுடைய உடம்பு, மனுசனுடைய உயிர், அவருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன்.

"தெரிஞ்சால் அடுத்த நாளே படுத்திடுவார். எனக்கு அவர் நடமாடித் திரிய வேணும். நீ உன்ர அலுவலைப் பார்" என்றாள்.

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

3

பொய் நின்று பிடித்ததற்குக் காரணம் அந்தக் குளிசைதான்.

புற்றுநோய் என்றால் அத்தானுக்குத் தெரிந்தது சேலைன் போத்தல், ஊசி, மொட்டைத் தலை. இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இவருடைய உடம்புக்கு இதுதான் தோது என்று டொக்டர் குளிசையை எழுதிக் கொடுத்தார். வெளுத்துப்போன தோடம்பழ நிறத்தில் நீட்டுக் குளிசைகள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, வீட்டில் இருந்தபடியே தண்ணீரோடு விழுங்க வேண்டியதுதான். இரண்டு கிழமை போட்டால் ஒரு கிழமை ஓய்வு. "சுவிஸ்காரன்ர குளிசை, அதுக்கும் லீவு குடுத்திருக்கிறான்" என்று அத்தான் பகிடி விடுவார். முடியும் கொட்டவில்லை. காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவும்போது அவருக்கே ஒரு பெருமை.

கீழ் மாடியில்தான் என் வீடு. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் எனக்கு வேலை, காலை வேலை முடிந்து வரும்போது மேலே ஏறி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் கதவைத் திறப்பேன். அத்தான் சாப்பாட்டு மேசையில் இருப்பார். அக்கா குளிசையைக் கையால் தொடாமல், அட்டையில் இருந்து நேராக ஒரு சின்ன மூடிக்குள் தள்ளிக் கொடுப்பாள். மற்றவர்கள் வெறுங்கையால் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஏன் தொடுகிறாயில்லை என்று அத்தான் கேட்டார். சுத்தம் என்றாள். நாங்கள் தொடவே பயப்படுகிற சாமானை அந்த மனிதர் நம்பிக்கையோடு விழுங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதமளவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியத் தொடங்கியது. குளிசையின் வேலைதான். சட்டைப் பொத்தான் போட முடியாது. செருப்புப் போட்டால் நோவு. விரலை வைத்தால் திறக்கிற அவருடைய போன் விரலை அடையாளம் காணாமல் நின்றது. "என்ர போனே என்னை ஆரெண்டு கேக்குது" என்று என்னிடம் காட்டினார். அக்கா அதை உடம்புச் சூடு என்றாள். அந்தச் சூட்டைத் தணிக்கிறேன் என்று வெந்தயமும் மோரும் கொடுத்தாள், கத்தரிக்காயையும் இறாலையும் நிறுத்தினாள். பத்தியம் இருந்தால் புண் ஆறும் என்று அவரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். அத்தானுக்கு இறால் என்றால் உயிர். கடைசிக் காலத்தில் அதையும் தின்னாமல்தான் போனார், ஆறவேண்டிய புண் ஒன்று இருக்கிறதென்று நம்பி.

அவருடைய கால்களுக்குக் கிரீம் பூசிக் கட்டுப் போட்டவர் ஆஸ்பத்திரித் தாதி, ஃப்ராவ் லீச்டி. ஐம்பது தாண்டிய பெரிய மனுசி. ஒரு பொம்பிளை தன் காலைத் தூக்கி மடியில் வைத்தது அத்தானுக்கு முதலில் வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அவருக்கு அந்த மனுசியில் அப்படி ஒரு மரியாதை. அவர் மட்டும்தான் அத்தானோடு எழுத்து ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, முகத்தைப் பார்த்துக் கதைப்பார். மற்றவர்கள் யாழினியைப் பார்த்துப் பேர்ண் மொழியில் கதைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பார்க்க வருகிற தமிழர்களுக்கு ஒரு முறை இருந்தது. சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில் அக்கா குனிந்து காதுக்குள் சொல்லுவாள்: "அவருக்குத் தெரியாது." வந்தவர்கள் முகத்தைத் துடைத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போவார்கள். அப்பிள்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கிறியள் அண்ணை" என்பார்கள். அத்தான் ஓம் என்பார். பிறகு கிரிக்கெட், ஊர்க் காணி, பிள்ளைகளின் கலியாணம். ஒருவராவது அவருடைய கண்ணைப் பார்த்துக் கதைத்ததாக எனக்கு நினைவில்லை.

4

அத்தானுக்கு ஊரில் ஒரே ஒரு உடன்பிறப்பு. பூமணி மச்சாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. கலியாணம் செய்யவில்லை. தாய் இறந்த பிறகு அவர்தான் அத்தானை வளர்த்தவர்.

அத்தான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளில் அக்காளும் தம்பியும் கோபம். போகாதே என்று அவர் மறித்திருக்கிறார், இவர் கேட்கவில்லை. புறப்படும்போது மச்சாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாராம். இவர் வேலிக்குப் பக்கத்தில் பையோடு நின்று, "அக்கா, போட்டு வாறன்" என்றாராம். அவர் திரும்பவில்லை. துணியை அடித்துக்கொண்டே நின்றார். பஸ் வந்துவிட்டது, இவர் போய்விட்டார்.

பிறகு போனில் கோபம் தீர்ந்து, வாரத்துக்கு ஒரு தடவை கதைத்து, எல்லாம் சரிதான். ஆனாலும் அத்தான் அந்த முதுகைத்தான் கடைசியாகப் பார்த்தவர். எஃப் பெர்மிட் என்ற தற்காலிக அனுமதியில் கிடந்த காலத்தில் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர ஏலாது. பிறகு யுத்தம். யுத்தம் முடிந்து, பெர்மிட்டும் மாறி, பாதை திறந்தபோது யாழினியின் படிப்பு, வேலையில் லீவு இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம். நம்மவர்களின் அடுத்த வருடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வருத்தம் வந்த பிறகுதான் அவருக்கு அவசரம் பிடித்தது. மச்சாளுக்கும் எழுபது தாண்டிவிட்டது, இதயத்தில் வருத்தம். "ஒருக்காப் போய் அவவுக்கு முன்னால இருந்திட்டு வர வேணும் தேவி. வேற ஒண்டும் வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார்.

வசந்த காலத்தில் ஒரு நாள் அக்காவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அத்தானோடும் யாழினியோடும் ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். ஸ்கேன் நல்லபடி வந்திருந்தது. கட்டிகள் வளராமல் நின்றிருந்தன. அத்தான் மகளிடம் சொன்னார், டொக்டரிடம் கேள், நான் எப்போது ஊருக்குப் போகலாம் என்று.

யாழினி கேட்டாள். டொக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. பேர்ண் மொழியில் அவளுக்கு விளக்கினார். எனக்கு அந்த மொழி நன்றாகவே விளங்கும், சலவையறையில் நாள் முழுக்க அதுதான். இப்போதே போகட்டும், இதைவிட நல்ல நேரம் இனிக் கிடைக்காது, குளிசை இல்லாத கிழமையைப் பார்த்து டிக்கெட் போடுங்கள், தேவையென்றால் ஓய்வை இன்னும் ஒரு கிழமை கூட்டித் தருகிறேன், கடிதமும் தருகிறேன் என்றார். பிந்த வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

யாழினி அத்தானின் பக்கம் திரும்பினாள்.

"குளிசை முடியப் போகலாமாம் அப்பா."

அத்தான் தலையாட்டினார். டொக்டருக்கு நன்றி சொன்னார். மனிதர் ஊருக்குப் போகப் போகிறார் என்று நினைத்து டொக்டரும் சந்தோஷமாகக் கை கொடுத்தார். இரண்டு பேரும் சிரித்தபடி நிற்க, நான் நடுவில் மரம் மாதிரி இருந்தேன்.

வெளியே வந்ததும் அத்தான் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து அவளைப் பிடித்தேன். என்னடி செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அம்மா முதலே சொல்லி வைத்தவளாம். இப்போதே போ என்று சொன்னால் ஏன் இப்போது என்று கேட்பார். போனால் பூமணி மாமியும் சனமும் அவருடைய கோலத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்துச் சொல்லிவிடுவார்கள். அங்கே ஏதும் நடந்தால் யார் பார்ப்பது. எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சித்தி, நான் சொல்லுறதுதான் அவருக்கு டொக்டர். நான் சொல்லுறதுதான் டொக்டருக்கு அப்பா. எனக்கு ஏலாமல் இருக்கு."

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளை ஏசவும் முடியவில்லை. அன்று பின்னேரம் அக்காவை ஏசினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அடுத்த அறையில் அத்தான் போனில் மச்சாளோடு கதைத்துக்கொண்டிருந்தார். குளிசை முடிய வாறன் அக்கா, குளிசை முடிய வாறன் என்று அவர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

முடிகிற குளிசை இல்லை அது. நோய் மருந்துக்குக் கேட்கும் வரைக்கும் கொடுப்பார்கள், கேட்காமல் போனால் நிறுத்துவார்கள். இதை அவரைத் தவிர எல்லோரும் அறிந்திருந்தோம்.

5

கோடை முடியும்போது ஸ்கேன் கெட்ட செய்தி சொன்னது. கட்டிகள் திரும்ப வளர்ந்திருந்தன. மற்ற மருந்துகளைத் தாங்கும் உடம்பும் இல்லை. குளிசையை நிறுத்துவோம், இனி நோவு இல்லாமல் பார்ப்போம் என்றார் டொக்டர்.

"இனிக் குளிசை தேவையில்லையாம் அப்பா" என்றாள் யாழினி.

அத்தான் இரண்டு கையையும் கூப்பி டொக்டரைக் கும்பிட்டார். டொக்டருக்கு அந்தக் கும்பிடு ஏன் என்று விளங்கியிருக்காது.

அத்தான் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். குளிசை முடிந்தால் தெரிந்த சனத்தை எல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதைத்தான் தொடங்கினார். அக்காவால் மறிக்க முடியவில்லை. எந்த வாயால் மறிப்பாள்? நேர்த்திக்கடனைப் பின்போடு என்றால் என்ன காரணம் சொல்வாள்? தேவாலயத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். சைவச் சாப்பாடு, வடை, பாயாசம். ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போய், ஃப்ராவ் லீச்டியையும் தன்னுடைய தொழிற்சாலை ஜெர்மனில் கூப்பிட்டுவிட்டு வந்தார். குளிசை முடிந்தது, எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கிறேன், வாருங்கள். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்.

அந்த மண்டபத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவ்வளவு சனமும் அவருடைய செத்தவீட்டுக்கு முன்கூட்டியே வந்த மாதிரி இருந்தார்கள். அவர் மட்டும் பட்டுவேட்டியும் கட்டுப்போட்ட கால்களுமாக, பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். கண் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. தையில் ஊருக்குப் போறன் என்று எல்லோருக்கும் சொன்னார். சனம் வாழையிலையைப் பார்த்தபடி நல்லது அண்ணை, நல்லது என்றது. சாப்பாடு இறங்காமல் பலர் பிசைந்துகொண்டே இருந்தார்கள். "என்ன, உப்புக் குறைவோ?" என்று அத்தான் கேட்டார்.

ஃப்ராவ் லீச்டி தான் செய்த பிளம்ஸ் கேக்கோடு வந்திருந்தார். அவருடைய நாட்டில், இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகு ஒரு மனிதர் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவர் எழுந்து அத்தானின் உரிந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து, வழக்கம் போல மெதுவாக, எழுத்து ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஹெர் சிவராசா, எத்தனையோ வருடமாக நான் இந்த வேலை செய்கிறேன். சாகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு, இப்படி எல்லோருக்கும் உணவு கொடுத்து விடைபெற்ற ஒருவரை நான் பார்த்ததில்லை. உங்களைச் சந்தித்தது எனக்குப் பெருமை."

பக்கத்து மேசைகளில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அது விளங்கியது. ஒரு பெடியன் கரண்டியைக் கீழே போட்டான். அக்காவுக்குச் சொல் விளங்காவிட்டாலும் சனத்தின் முகத்தைப் பார்த்து விளங்கியது.

அத்தான் வாளியோடு நின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, அவ என்ன சொல்லுறா?"

யாழினி அக்காவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"சாப்பாடு நல்லா இருக்காம் அப்பா."

"அப்ப இன்னும் கொஞ்சம் போடு" என்றார் அத்தான். வாளியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சுவரோரத்துக் கதிரையில் இருந்தார். கடைசிப் பந்தி எழும்பும் வரை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிந்திப் போனவர்களுக்கும் இருந்தபடியே கை காட்டினார்.

6

அதற்குப் பிறகு அவர் வீட்டில் எதையும் கேட்கவில்லை. அக்கா கொடுத்ததைக் குடித்தார். யாழினி வேலையால் வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்டார். கோபித்தாவது தொலைத்திருக்கலாம். அவருடைய சாந்தம் எங்களைக் கொன்றது.

ஒரு மாதத்துக்குள் வயிற்றில் நீர் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு பின்னேரம் நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது டொக்டர் வந்தார். யாழினி வழக்கம் போல முன்னுக்கு வந்தாள். அத்தான் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு, டொக்டரைப் பார்த்துத் தன்னுடைய ஜெர்மனில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், மகள் வேண்டாம் என்று.

யாழினி இரண்டு அடி பின்னால் போனாள். பன்னிரண்டு வயதில் கொடுத்த வேலையை அவர் அவ்வளவு சின்ன வசனத்தில் பிடுங்கிவிட்டார்.

போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஒலிபெருக்கியைப் போட்டு, போர்வையின் மேல் வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்ணின் குரல். அத்தான் தனக்கு என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. எவ்வளவு காலம் என்றும் கேட்கவில்லை. நான் ஊருக்குப் போக ஏலுமோ என்று மட்டும் கேட்டார். டொக்டர் பதில் சொன்னார். அந்தக் குரல் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னது.

"ஐயா, டாக்டர் சொல்றார். இப்ப முடியாதுங்க, விமானத்துல உங்க உடம்பு தாங்காது. வசந்த காலத்துலயே உங்களப் போகச் சொன்னேன், தாமதிக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க ஏன் போகலன்னு எனக்குத் தெரியல. எனக்கும் வருத்தமா இருக்குங்க."

அக்கா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். யாழினி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் குரலுக்கு இது ஒன்றும் தெரியாது, வேறு ஏதும் கேட்க வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. அத்தான், இல்லைப் பிள்ளை, பெரிய உபகாரம் என்றார்.

அவர் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னிடம், பூமணியக்காவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். இனிச் சொல்லப் போகிறார், அழப் போகிறார், அழட்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, குளிசை இன்னும் முடியேல்லை. டொக்டர் விடுறார் இல்லை. முடிய வாறன்" என்றார்.

நான்காம் நாள் காலமானார்.

7

மச்சாளுக்கு யாரும் சொல்லவில்லை. இதயம் தாங்காது என்று அக்கா முடிவெடுத்தாள். ஊரில் மச்சாளின் அயலில் உள்ள உறவுகளுக்கும் சொல்லி வைத்தாயிற்று. அவர்கள் செத்தவீட்டுத் துடக்குக்கூட வேறு வீட்டில்தான் காத்தார்கள். மச்சாள் போன் எடுத்தால் அக்காதான் கதைப்பாள். குளிசையால் தொண்டையெல்லாம் புண், அவருக்குக் கதைக்க ஏலாது, தலையாட்டுகிறார் என்பாள். இப்படியே ஒரு வருடம். முதலில் கணவனை ஏமாற்றிய பொய்யை, கணவன் செத்த பிறகும் அவள் சோறு கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தாள்.

திவசத்துக்கு ஐயர் வந்து, பிண்டம் பிடித்து, எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். வந்திருந்த சனம் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டது, எல்லோருக்கும் பழக்கம். ஆண்பிள்ளை இல்லாததால் கிரியைக்கு இருந்த அக்கா தர்ப்பை போட்ட விரலோடு எழும்ப முடியாமல், யாழினியைப் பார்த்து, நீ எடுத்து வழக்கம் போலச் சொல் என்றாள்.

யாழினி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு அடி பின்னால் போன அதே முகம்.

போன் விடாமல் அடித்தது. நான் போய் எடுத்தேன்.

"ஆர், தேவியே? தம்பி என்ன செய்யிறான்? குளிசை முடிஞ்சுதோ பிள்ளை?"

அக்கா தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினேன்.

"மச்சாள், அத்தான் இல்லை. போன வருசமே செத்துப் போனார். இண்டைக்கு ஆண்டுத்திவசம்."

பின்னால் அக்கா குழறினாள். செம்பு உருண்ட சத்தம் கேட்டது. போனில் மூச்சு மட்டும் கேட்டது. மயங்கிவிட்டாரோ, நான் கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன். மச்சாள், மச்சாள் என்று கூப்பிட்டேன். பிறகு அவர் கதைத்தார். அழவில்லை. குரல் தெளிவாக இருந்தது.

"அப்ப இந்த ஒரு வருசமும் வெள்ளிக்கு வெள்ளி நான் ஆருக்கடி விரதம் பிடிச்சனான்?"